சாற்றுகவியும் மதிப்புரையும்

நூலை ஆக்கியோர் வரலாறு தமிழில் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. நூலைக் கற்றோர் அதனைப் பற்றி என்ன கருதினர் என்னும் வரலாறோ பெரும்பாலும் எழுதப்படாமலே உள்ளது. பண்டைத் தமிழர் நூலைப் புகழ்ந்தனரேயன்றி மதிப்பிடவில்லை என்றும், மதிப்பிடும் வழக்கம் மேனாட்டார் வருகைக்குப் பின்னரே இங்குத் தோன்றியது என்றும் கூறுவோர் உளர். நூல் முகப்பில் உள்ள சாற்றுகவிகளை மட்டும் நோக்குவார்க்கு இக்கூற்று உண்மை போலத் தோன்றும். அஃது எத்துணைப் பொருந்தும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு எல்லை வேண்டும். திருச்சிராப்பள்ளி நகரின் கீழ்பால், தஞ்சைப் பெருவழியில் அமைந்தது அரியமங்கலம். அங்கிருந்து வடமேற்கே திருவரங்கமும், மேற்கே மலைக்கோட்டையைச் சூழ்ந்த நகரும், அதற்கும் அப்பால் அதவத்தூரும் ஒரு பகற்பொழுதில் நடந்து சேரத்தக்க தொலைவில் உள்ளன. இச்சிறு வட்டத்துள் வியாக்கியானம், காப்பியம், கோவை, நீதிநூல், வரலாற்றாராய்ச்சி, புத்திலக்கியம் எனத் தம்முள் வேறுபட்ட பலவகை நூல்கள் கற்கப்பட்டும் கருத்துரைக்கப்பட்டும் வந்துள்ளன. ஆதலின் இவ்வட்டத்தை நடுவாகக் கொண்டு, வேண்டுமிடத்துப் பிற ஊர்ச் செய்திகளையும் துணைக்கொள்வோம்.

முதற்கண் இலக்கண நூலார் கூறுவதைக் காண்போம். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரவியலில், ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் செய்தற்கு உரியார் இன்னார் என வரையறுத்துள்ளார். ஆக்கியோனுடைய ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், உரைகாரன் ஆகிய நால்வரே அவர். நால்வரும் ஆக்கியோனுக்கு அணுக்கமானவர். அயலார் ஒருவரும் இல்லை. ஆயின் அதே பாயிரவியல், நூலாசிரியர் கொள்ளும் மதங்கள் ஏழனுள் மறுத்தலையும் பிறர்நூற் குற்றங்காட்டலையும் எண்ணுகின்றது. நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்றும் அழகுகள் பத்து என்றும் பட்டியலிடுகின்றது. எனவே, புகழ்தற்கு ஓரிடமும் குறைகாண்டற்கு வேறோரிடமும் இலக்கணத்தால் ஒதுக்கப்பட்டிருந்தன என்பது பெறப்படும். சிறப்புப்பாயிரத்துள் குறை காணப்படாமைக்கு மதிப்பீட்டுணர்வு இன்மை காரணமன்று. அஃது அதற்குரிய இடம் அன்மையே காரணமாகும்.

குறைகாண்டற்கும் மாறுபடுதற்கும் உரிய இடம் யாது? அதனைத் திருவரங்கம் காட்டுகின்றது. திருவாய்மொழிக்கு எழுந்த வியாக்கியானங்கள் ஐந்தனுள் விரிந்ததாகிய ஈடு முப்பத்தாறாயிரப்படி, நம்பிள்ளை திருவரங்கத்தில் நிகழ்த்திய விரிவுரைகளை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்தியதாகும். இதன்கண் ஒரு பாசுரத்திற்கு முன்னோர் கூறிய வேறுவேறு பொருள்கள், கூறியவர் பெயரோடு அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. ஆளவந்தார் கருத்து இது, எம்பார் கருத்து இது, பட்டர் கருத்து இது எனத் தனித்தனியே அறிய இயலும். ஒரு நூலைக் கற்றோர் பலருடைய மாறுபட்ட கருத்துகளை இங்ஙனம் பேணிய தொகுப்புகள் தமிழில் மிகச் சிலவே.

இம்மாறுபாடு எளிதில் ஏற்கப்பட்டதன்று. இராமானுசர் திருமாலையாண்டானிடம் திருவாய்மொழிப் பொருள் கேட்டபோது, சில இடங்களில் தமக்குத் தோன்றிய வேறு பொருளைக் கூறினார் என்றும், அவை ஆளவந்தாரிடம் தாம் கேளாதன என்று ஆண்டான் பாடத்தை நிறுத்தினார் என்றும், திருக்கோட்டியூர் நம்பி இடைநின்று அதனை மீண்டும் தொடரச் செய்தார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. கேட்போன் தன் கருத்தைக் கூறலாமா என்னும் வினாவே இக்கதையின் உயிர். ஆயினும் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. இங்கு மாறுபாடு பொருள் பற்றியதே. நூலின் தகுதி பற்றியதன்று. திருவாய்மொழியின் சிறப்பு அனைவர்க்கும் ஒப்ப முடிந்தது.

நூலின் தகுதியே வினாவுக்கு உள்ளான இடம் அரங்கேற்றம். கம்பர் தம் காப்பியத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்றினார் என்பது நெடுநாளைய வழக்கு. தாயார் சந்நிதிக்கு எதிரே உள்ள மண்டபத்தை இன்றும் அவர் பெயரால் வழங்குவர். வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதையைச் சேர்த்தது தகுமோ என அவையோர் தடை கூறினர் என்றும், மேட்டழகியசிங்கர் தலையசைத்து ஏற்றருளினார் என்றும் கதை உண்டு. காஞ்சிபுரத்தில் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, காப்புச் செய்யுளின் முதற்சொற் புணர்ச்சிக்கு விதி கேட்டனர் என்றும், வீரசோழியத்தில் விதி காட்டப்பெற்றது என்றும் மற்றொரு கதை வழங்குகின்றது.

இக்கதைகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளல் அரிது. எனினும் இவற்றின் அமைப்பு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. இரண்டிலும் தடை கூறினோர் தோற்கின்றனர். வென்ற தடை எங்கே போயிற்று? ஒரு தடை பொருத்தமாயின் ஆக்கியோர் அவ்விடத்தைத் திருத்திக்கொள்வர். திருத்தியபின் தடைக்கு அடையாளம் இராது. தோற்ற தடை கதையாய் நிற்கின்றது. வென்ற தடை நூலுக்குள் கரைந்துவிடுகின்றது. பண்டை வாசகரின் எதிர்க்கருத்து நமக்குக் கிட்டாமைக்கு இதுவே தலையாய காரணம் என்பது எம் கருத்து.

இனி, பத்தொன்பதாம் நூற்றாண்டிற்கு வருவோம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815ஆம் ஆண்டு அதவத்தூரிற் பிறந்து, நெடுங்காலம் திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்து, பலர்க்குப் பாடம் சொன்னவர். அவர் பிறர் நூல்களுக்கு அளித்த சிறப்புப்பாயிரங்கள் பல. குளத்தூரிற் பிறந்த வேதநாயகம் பிள்ளை 1859ஆம் ஆண்டு வெளியிட்ட நீதிநூலுக்கும் அவர் பாடல் அளித்துள்ளார். அதே வேதநாயகம் பிள்ளையைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு குளத்துக்கோவை பாடியவரும் அவரே. நண்பர் நூலை நண்பர் புகழ்தல் என இதனை எளிதாகத் தள்ளிவிடலாம். ஆயின் நன்னூலார் விதித்ததும் இத்தகைய அணுக்கத்தையே. சாற்றுகவி ஒரு தீர்ப்பன்று. இந்நூலுக்கு யான் சான்று என்று கற்றோர் ஒருவர் தம் பெயரை ஈடாக வைப்பது. அச்சு நூல் புதிதாய்ப் பரவிய காலத்தில், முன்பின் அறியாத வாசகன் ஒரு நூலை விலைகொடுத்து வாங்க அப்பெயர் துணையாயிற்று.

இப்பாக்களை ஆராய்வோர் விழிப்பாகவும் இருத்தல் வேண்டும். குசேலோபாக்கியானம் வல்லூர் தேவராச பிள்ளை பெயரால் வழங்கினும், அதனை இயற்றியவர் தம் ஆசிரியராகிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையே என உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். ஆக்கியோன் பெயரே அன்பின் காரணமாக மாறி நிற்குமாயின், முகப்பில் உள்ள புகழுரையை அப்படியே நூலின் தகுதிக்குச் சான்றாகக் கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்?

அச்சு மற்றொன்றையும் செய்தது. அதுவரை அவையில் வாய்மொழியாய் எழுந்து மறைந்த தடைகள் தாளில் ஏறின. 1867ஆம் ஆண்டு திருவருட்பா வெளிவந்தது. 1869ஆம் ஆண்டு ஆறுமுக நாவலர் அதனை மறுத்து எழுதினார். 1887ஆம் ஆண்டு சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது கண்டனங்கள் அச்சிட்டுப் பரப்பப்பட்டன. அவற்றை அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் மறைக்காது குறித்துள்ளார். அழையாத வாசகன், அறியாத ஆசிரியனை நோக்கிப் பேசத் தொடங்கினான். இஃது ஆக்கமேயாயினும், அரங்கேற்ற அவையில் இருந்த ஒரு நன்மை இதிற் குறைந்தது. அவையில் தடை கூறியவன் விடையையும் கேட்டே ஆகவேண்டும்; துண்டு வெளியீட்டில் அக்கட்டாயம் இல்லை. ஆகலின் வசை மிகுதற்கு இடமாயிற்று.

அவையின் நேர்மையையும் அச்சின் துணிவையும் ஒருங்கே காட்டியவர் ந. மு. வேங்கடசாமி நாட்டார். அவர் திருச்சிராப்பள்ளி பிஷப் ஹீபர் கல்லூரியில் இருபதாண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவர். மு. இராகவையங்காரின் ‘வேளிர் வரலாறு’, அகத்தியர் துவராபதியிலிருந்து வேளிரைக் கொணர்ந்தார் என்னும் நச்சினார்க்கினியர் உரைக்குறிப்பைப் பற்றுக்கோடாகக் கொண்டு, வேளிர் வடக்கினின்று வந்தோர் எனக் கூறிற்று. நாட்டார் இதனை உடன்படவில்லை. உடன்படாமையைச் சொல்லளவில் விடாது, 1915ஆம் ஆண்டு ‘வேளிர் வரலாற்றின் ஆராய்ச்சி’ என ஒரு நூலே எழுதினார். ஒருவர் நூலைக் கற்ற மற்றொருவர், எதிர்ப்பட்ட சான்றுகளை எடுத்து நிறுவ ஒரு நூல் செய்தது இங்கு நினையத்தக்கது. நன்னூலார் கூறிய பிறர்நூற் குற்றங்காட்டலும் தன் கொள்கையை நாட்டி நிறுத்தலும் புதிய வடிவில் இங்கு உயிர்பெற்றன. மதிப்பீடு மேனாட்டு வரவு என்போர், நாட்டார் எந்த மரபில் நின்று எழுதினார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1940ஆம் ஆண்டுகளில் வாசகர் வட்டம் மேலும் விரிந்தது. திருச்சியிலிருந்து ‘கலாமோகினி’, ‘சிவாஜி’ ஆகிய இதழ்களும், நாம் கொண்ட எல்லைக்குச் சற்றுப் புறத்தே துறையூரிலிருந்து ‘கிராம ஊழிய’னும் வெளிவந்தன. இவற்றாற் சிறுகதையும் புதுக்கவிதையும் புலவரல்லாதார் கைக்கும் சென்றன. 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் அவ்வட்டத்தைப் பின்னும் பெருக்கிற்று. 1959ஆம் ஆண்டு சென்னையில் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ விமரிசனத்தையே முதன்மையாகக் கொண்டது. பத்துக் குற்றம், பத்து அழகு என்னும் பட்டியல் புதினத்தையும் சிறுகதையையும் அளக்கப் போதாதாயிற்று. அளவுகோலையும் வாசகனே ஆக்கிக்கொள்ள வேண்டிய நிலை பிறந்தது.

இதுகாறும் கூறியவற்றால், தமிழில் வாசகர் கருத்து என்றும் இருந்தது என்பதும், அது தங்கிய இடங்களே மாறின என்பதும் விளங்கும். உரையில் அது மாறுபட்ட பொருளாகவும், அவையில் தடையாகவும், முகப்பிற் சான்றாகவும், இதழில் மதிப்புரையாகவும் நின்றது. ஓரிடத்தை மட்டும் கண்டு முன்னோர் புகழ்ச்சிப் பிரியர் என முடிவுகட்டுதல் ஆராய்ச்சிக்கு அழகன்று.

முதுகலை மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். வென்ற தடை நூலுக்குள் கரையும் என்றோம். அச்சுக்காலத்தில் அது முழுதும் கரைவதில்லை. சிந்தாமணியின் 1887ஆம் ஆண்டுப் பதிப்பையும் 1907ஆம் ஆண்டுப் பதிப்பையும் அருகருகே வைத்து நோக்குக. திருத்தங்களுட் பல, பின்னர்க் கிடைத்த ஏடுகளால் அமைந்தவை. கற்றோர் கூறியதால் அமைந்தவை உளவா எனப் பிரித்தறிவது தக்கதோர் ஆய்வாகும். பிற நூல்களின் முதற்பதிப்புகளையும் மறுபதிப்புகளையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். மறுபதிப்புச் செய்வோர் சாற்றுகவிகளை வீண்பக்கம் எனக் கருதி நீக்கிவிடுவதால், பழைய முதற்பதிப்புப் படியை இழப்பது இவ்வரலாற்றின் சான்றையே இழப்பதாகும். நாம் எல்லையாகத் தொடங்கிய அரியமங்கலம், திருச்சி மாநகரின் குப்பையெல்லாம் பல்லாண்டுகள் வந்து குவிந்த ஊருமாகும். வீடு மாறுவோர் கழிக்கும் பழந்தாள்களோடு இத்தகைய முகப்பேடுகள் எத்துணை அங்குச் சென்று சேர்ந்தனவோ! எஞ்சியவற்றையேனும் தேடிக் காத்தல் நம் கடன்.