வான்வழியும் தரைத்தளமும்
திருகோணமலை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையின் வரலாறு பெரும்பாலும் அதன் துறைமுகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் ஆகிய நால்வரும் அத்துறைமுகத்தின் பொருட்டே அங்கு பொருதினர். ஆயின் கப்பலுக்கு அடுத்து வந்த ஊர்தியாகிய விமானத்தின் வரலாற்றில் அம்மாவட்டம் பெற்ற இடம் யாது என்ற வினா அதிகம் ஆராயப்படவில்லை. இவ்வினாவுக்கு விடை காண, சிறு விமானங்கள் நாடுவிட்டு நாடு பறந்து வந்த காலத்திலிருந்து தொடங்குதல் வேண்டும்.

முதலாம் உலகப் போர் 1918இல் முடிவுற்றபோது பிரித்தானியாவில் ஆயிரக்கணக்கான விமானங்கள் தேவைக்கு மிஞ்சி நின்றன. அவை மலிவாக விற்கப்பட்டன. பழைய விமானமொன்றை வாங்குவோர்க்கு ஒரு வசதி இருந்தது. அது தன்னைத் தானே சுமந்து வரும் சரக்கு. எனினும் அதனை ஓட்டி வருதல் எளிய செயலன்று. அக்காலச் சிறு விமானம் சில நூறு மைல்களுக்கு ஒருமுறை தரையிறங்கி எரிபொருள் பெற்றேயாகவேண்டும். வழிகாட்டும் வானொலி இல்லை. திசைகாட்டியும் வரைபடமும், கீழே தெரியும் ஆறும் இருப்புப்பாதையும் கடற்கரையுமே துணை. ஆகவே விமானி எத்துணைத் துணிவுடையவராயினும், அவர் செல்லும் வழியை உண்மையில் வகுத்தவை தரையிலிருந்த இறங்குதளங்களே.

பிரித்தானிய விமானப்படையில் பணியாற்றிய நெவில் வின்சென்ற் என்பவர், நியூவோல் என்னும் தோழருடன், போர்க்கால வடிவமைப்பான டி.எச். 9 வகை விமானங்கள் இரண்டை 1920களின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு ஓட்டி வந்தார். மக்களை ஏற்றிப் பறந்து காட்டியும், வானிலிருந்து நிழற்படம் எடுத்தும் அவர்கள் பொருள் ஈட்டினர். 1930இல் பதினேழு வயதினரான ஆஸ்பி எஞ்சினியர் இங்கிலாந்திலிருந்து கராச்சிக்குத் தனியே பறந்து, ஆகாகான் அறிவித்த பரிசினை வென்றார். எதிர்த்திசையில் கராச்சியிலிருந்து புறப்பட்ட ஜே. ஆர். டி. ராட்டா, எகிப்திலுள்ள அபூகீரில் அவரைச் சந்தித்து, தம் போட்டியாளருக்குத் தேவைப்பட்ட தீப்பொறிச் செருகியைக் கொடுத்துதவினார் என்பது அக்காலப் பறப்பின் இயல்பைக் காட்டுவது. ஒரு சிறு உதிரிப்பாகம் கிடையாவிடின் பயணமே நின்றுவிடும்.

ராட்டாவும் வின்சென்றும் இணைந்ததன் பயன் 1932 ஒக்டோபர் 15ஆம் நாள் வெளிப்பட்டது. அன்று ராட்டா ஒற்றை இயந்திரமுடைய பஸ் மொத் விமானத்தில் தபாற் பொதிகளுடன் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியே பம்பாய் சேர்ந்தார். அங்கிருந்து வின்சென்ற் அவற்றை ஏற்றிக்கொண்டு பெல்லாரி வழியே சென்னைக்குப் பறந்தார். அகமதாபாத்தில் விமானத்துக்குரிய எரிபொருள் மாட்டுவண்டியிலேயே கொண்டுவரப்பட்டது. வானத்தின் வேகம் தரையின் ஏற்பாட்டைச் சார்ந்திருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இலங்கைக்கு இவ்வான்வழி சென்னையிலிருந்தே வந்தது. 1935 நவம்பர் 27ஆம் நாள் சென்னைப் பறப்புக் கழகத்தைச் சார்ந்த கப்டன் டின்டேல் பிஸ்கோ ஒரு பஸ் மொத் விமானத்தைப் புதிய இரத்மலானை நிலையத்தில் இறக்கினார். அங்கு இறங்கிய முதல் விமானம் அதுவே. 1938இல் ராட்டா நிறுவனத்தின் தபாற்சேவை திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்புவரை நீண்டது.

இங்கு தூரங்களை ஒப்புநோக்குதல் தகும். சென்னையிலிருந்து இரத்மலானை நேர்கோட்டில் ஏறத்தாழ 685 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. திருகோணமலையின் சீனக்குடாவோ ஏறத்தாழ 500 கிலோமீற்றரே. மணிக்கு நூறு மைல் அளவில் பறந்த சிறு விமானத்துக்கு இவ்வேறுபாடு ஒரு மணி நேரத்துக்கும் மேலான பறப்பாகும். இயற்கை திருகோணமலையை அண்மையில் வைத்தது. ஆட்சியும் வணிகமும் தலைநகரின் அயலிலேயே நிலையத்தை அமைத்தன.

சீனக்குடாவின் தளமோ பயணிகளுக்காக உருவானதன்று. பிரித்தானிய விமானப்படைக்காக உருவானது. 1942 ஏப்ரில் 9ஆம் நாள் யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் துறைமுகத்தையும் அத்தளத்தையும் தாக்கின. 261ஆம் அணியின் ஹரிக்கேன் போர் விமானங்கள் சீனக்குடாவிலிருந்தே எழுந்து அவற்றை எதிர்த்தன. அதே நாளில் ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்திலேதான், இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குத் திரும்பிய விமானப் பயணத்தில் வின்சென்றும் உயிரிழந்தார்.

இரண்டாம் உலகப் போரும் தன் எச்சங்களை விட்டுச் சென்றது. இலங்கை அரசு போரில் மிஞ்சிய டக்கோட்டா விமானங்கள் மூன்றினைக் கொண்டு எயர் சிலோன் சேவையைத் தொடங்கிற்று. சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்பன அவற்றுக்கு இடப்பட்ட பெயர்கள். 1947 டிசெம்பர் 10ஆம் நாள் அதன் முதற் பயணம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியே சென்னைக்கு நிகழ்ந்தது. காங்கேசன்துறைக்கு அண்மையிலுள்ள பலாலித் தளமும் சீனக்குடாவைப் போன்றே போர்க்காலத் தேவைக்கு உரியதுதான். எனினும் பழைய போர் விமானமும் பழைய போர்த்தளமும் வடக்கில் பொதுமக்கள் பயணத்துக்கு ஒருங்கே பயன்பட்டன.

கிழக்கில் அவ்வாறு நிகழாமைக்குக் காரணம் துறைமுகத்தின் சிறப்பேயாகும். முதற் பயணத்துக்கு ஒரு மாதம் முன்னர், 1947 நவம்பரில், பிரித்தானியாவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. அதன்படி நாடு சுதந்திரம் பெற்ற பின்னரும் திருகோணமலைத் தளம் பிரித்தானியர் வசமே இருந்து, 1957இல்தான் கைமாறியது. எயர் சிலோனின் உள்நாட்டுச் சேவைகள் பின்னர் திருகோணமலையைத் தொட்டன எனினும், சென்னையை நோக்கிய வாயிலாக அது வளரவில்லை. விமானப்படையின் கல்விக்கழகம் சீனக்குடாவிலேயே அமைந்தது. 1983இன் பின் விரிந்த உள்நாட்டுப் போர் அத்தளத்தின் படைத்தன்மையை மேலும் இறுக்கிற்று. போர் ஓய்ந்த பின்னர் உள்நாட்டுச் சிறு விமானங்கள் அங்கு வந்து சென்றுள்ளன. பலாலியோ 2019 ஒக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னையுடன் மீண்டும் இணைந்தது.

திருகோணமலையின் அமைவிடமே அதன் செல்வம் என்று கூறுவது மரபு. மேற்கண்ட வரலாறு அக்கூற்றுக்கு ஒரு திருத்தம் வேண்டுகிறது. அமைவிடம் ஓர் ஊரைப் பேரரசுகளுக்குப் பயன்படச் செய்யலாம். அவ்வூர் மக்களுக்கும் அது பயன்படும் என்பது தானாக நிகழ்வதன்று. சிறு விமானமொன்று ஒரு பகற்பொழுதில் சென்று மீளத்தக்க தூரத்தைக் கடக்க, கிழக்கு மாகாணத்தவர் முதலில் தரைவழியே நெடுந்தூரம் சென்று வேற்று மாவட்டத்து நிலையத்தை அடைய வேண்டியிருந்தமை இதனை உணர்த்தும். ஓடுபாதை எங்கு அமைந்துள்ளது என்பதோடு, அது யாருக்காக அமைக்கப்பட்டது என்பதையும் வரலாற்று மாணவர் வினவுதல் வேண்டும்.