சாய்ஞ்ச பூவரசும் மூணு பேனாவும்

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்வாங்க. போன வருஷம் ஆடியில எங்க கிணத்து மேட்டுப் பூவரசு வேரோட சாய்ஞ்சுது. தாத்தா நட்ட மரம். கண்ணமங்கலத்துல இருந்து வந்த விறகு வியாபாரி ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, "எடை போட்டு எடுத்துக்கறேன்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

முன்பெல்லாம் சாய்ந்த மரம் விறகாவது கடைசியில்தான். அடிமரம் வாசக்காலுக்கும் வண்டிக்கும் போகும். கிளைகள் கடைசல்காரரிடம் போகும். கட்டில் கால், மத்து, பம்பரம் எல்லாம் அங்கே பிறந்தவை. கவனிச்சுப் பாருங்க, தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். மத்து சுழல்வது போலவே பழைய பட்டறையிலும் ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுக்க, கட்டை முன்னும் பின்னும் சுழலும். இன்னொருவர் உளி பிடிப்பார். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் இந்தத் தொழிலில் வந்ததுதான். கர்நாடகத்துச் சென்னபட்டணம் பொம்மைகளுக்கு வெட்பாலை மரம். அது எங்க ஜவ்வாது மலையிலும் உண்டு.

பேனாவும் கடைசல் வீட்டுப் பிள்ளைதான். சுதேசிப் பேனா வேண்டும் என்று காந்தி சொல்ல, ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் செய்து அனுப்பினார். 1935-ல் காந்தியிடமிருந்து நன்றிக் கடிதம் வந்தது. திருவள்ளூரில் இன்றும் எபோனைட்டில், அதாவது இறுகிய ரப்பரில், கையால் பேனா கடைகிறார்கள். மரத்தில் கடைய ஐந்து அங்குல நீளம், முக்கால் அங்குலக் கனம் போதும். வியாபாரி கழித்துப் போடும் கிளையே தாராளம்.

அப்புறம் ஏன் எல்லாம் விறகாகுது? அவசரம்தான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் பண்ருட்டிப் பலா மரங்களைச் சாய்த்தது. தஞ்சாவூர் வீணை செய்யும் மரம் அது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா வந்தபோது சென்னைத் தெருக்களில் ஆயிரக்கணக்கில் விழுந்ததை நீங்களே பார்த்திருப்பீங்க. வழியைத் திறக்கணும், கரண்ட் வரணும். துண்டு போடுவது நியாயம்தான். ஸ்வீடனில் 2005 ஜனவரிப் புயலில் ஏறக்குறைய 7.5 கோடி கன மீட்டர் மரம் விழுந்தது. அதில் ஒரு பகுதியை அடுக்கி வைத்து, விடாமல் தண்ணீர் தெளித்தே காப்பாற்றினார்கள். ஈரம் குறையாத மரத்தில் வெடிப்பு விழாது, பூச்சியும் பூஞ்சையும் ஏறாது. நம்ம பெரியவங்க மரத்தை ஏரியில் ஊறப்போட்டதும் இந்தக் கணக்கில்தான்.

எனக்கு அது தெரியாமப் போச்சு. அடிமரத்தை வியாபாரிக்குக் கொடுத்துட்டு, கிளைகளை வெயிலில் போட்டேன். பாதி முனையிலிருந்து வெடிச்சுது. மிச்சத்தின் முனைகளில் மெழுகு பூசி, மாட்டுக் கொட்டகைப் பரணில் ஒரு வருஷம் வைத்தேன். இந்த ஆடியில் ஆரணிப் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்ததில் மூணு பேனா தேறின. வைரம் பாய்ந்த இடம் காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கு.

தாத்தாவுக்கு எழுதத் தெரியாது. கிணத்து மேட்டுப் பத்திரத்தில் இருப்பது அவர் கைநாட்டு. அவர் மரத்துப் பேனாவில் என் மகள் கல்லூரி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த புயலில் உங்க தெரு மரம் விழுந்தால், வெட்டுறவங்களைக் கேட்டு ஒரு முழக் கிளை வாங்கி வைங்க. முனையில் மெழுகு, நிழல், ஒரு வருஷப் பொறுமை. அவ்வளவுதான்.