லவனும் குசனும் டிவிக்கு வந்த கதை

1988-ஆம் ஆண்டின் நடுவில், பஞ்சாபில் உள்ள ஜலந்தர் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் கேட்டது கூலி உயர்வு அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் ஓடிக்கொண்டிருந்த 'ராமாயண்' தொடரைப் பட்டாபிஷேகத்தோடு நிறுத்தக்கூடாது, மிச்சக் கதையையும் காட்ட வேண்டும் என்று கேட்டார்கள். 'உத்தர ராமாயண்' என்ற தொடர் பிறந்தது இப்படித்தான்.

ராமானந்த் சாகரின் 'ராமாயண்' 1987 ஜனவரி 25 அன்று தொடங்கியது. 52 பகுதி என்று போட்ட கணக்கு, ஜனங்கள் விடாமல் கேட்டதால் நீண்டு நீண்டு 78 பகுதி ஆனது. அருண் கோவில் ராமர், தீபிகா சீதை, மல்யுத்த வீரர் தாரா சிங் அனுமன். நடிகர்களாக அவர்களைப் பார்த்தவர் அப்போது குறைவு.

சென்னையில் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில்தான் டிவி இருந்தது. ஒன்பதரை மணிக்கு முன்பே நாங்கள் குளித்துவிட வேண்டும். மரக்கதவு வைத்த சொலிடேர் டிவிக்குப் பொட்டு வைத்து, முழம் பூ சாத்தியிருப்பார்கள். மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, "தெரியுதா?" "இல்ல... இப்பத் தெரியுது, விடு விடு!" என்று குரல்கள் மேலும் கீழும் போய்வரும். இந்தி தெரிந்த மாமா ஒருவர் வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். பாதி அவர் சொந்தச் சரக்கு என்று பிற்பாடுதான் தெரிந்தது. தெரு கூட்டும் அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பார். அனுமன் வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். உள்ளே வாங்க என்று அவரை யாரும் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. அது எங்கள் தெருவின் பெரிய குறை என்று இன்று நினைக்கிறேன். ஜலந்தர் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஜன்னல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

தொடர் 1988 ஜூலை 31 அன்று பட்டாபிஷேகத்தோடு முடிந்தது. தமிழ்க் காதுக்கு அது இயல்பான முடிவு. கம்பரும் ஆறு காண்டத்தில், முடிசூட்டு விழாவோடு நிறுத்திவிட்டார். உத்தர காண்டத்தைப் பாடியவர் ஒட்டக்கூத்தர் என்று தனியே ஒரு மரபு உண்டு. சாகர் பெரிதும் நம்பியது துளசிதாசரை. துளசியும் சீதையைக் காட்டுக்கு அனுப்பும் கதையை விவரிக்காமல் விட்டவர். ஆகவே சாகர் எதையோ வெட்டி எறிந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. பெரியவர்கள் நிறுத்திய இடத்தில் அவரும் நிறுத்தினார்.

ஆனால் வடக்கே துப்புரவுத் தொழிலில் தள்ளப்பட்டவர்களில் பெரும்பாலோர் வால்மீகி சமூகத்தார். வால்மீகி முனிவரைத் தங்கள் குருவாக, தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள். முதல் ஆறு காண்டங்களில், தொடக்கத்தைத் தாண்டினால், வால்மீகி பெரும்பாலும் கதை சொல்கிறவர்தான். ஏழாவதில்தான் அவர் முக்கியப் பாத்திரமாகக் கதைக்குள்ளேயே நடமாடுகிறார். ஊர்ப் பேச்சுக்குப் பலியாகி, பிள்ளைத்தாய்ச்சியாகக் காட்டில் விடப்பட்ட சீதைக்குத் தன் ஆசிரமத்தில் இடம் கொடுக்கிறார். அங்கே பிறந்த இரண்டு பிள்ளைகளையும் வளர்த்து, ராம கதையைப் பாடச் சொல்லிக்கொடுக்கிறார். கடைசியில் அரச சபையில் ராமன் முன்னால் நின்று, இவள் குற்றமற்றவள் என்று சாட்சி சொல்கிறார்.

பஞ்சாபில் இது எங்கோ நடந்த கதையும் அல்ல. அமிர்தசரஸுக்குப் பக்கத்தில் ராம் தீர்த் என்ற தலம் இருக்கிறது. வால்மீகி ஆசிரமம் இருந்ததும், லவனும் குசனும் பிறந்ததும் அங்கேதான் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. லவன் பெயரில் லாகூர், குசன் பெயரில் கசூர் என்று ஊர்ப்பெயர்களுக்கும் கதை உண்டு. நாடே ஒன்றரை வருடம் உட்கார்ந்து பார்த்த ராமாயணத்தில், தங்கள் முனிவர் செயலில் இறங்கும் இடத்துக்கு முன்னால் திரை விழுகிறது என்றால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

வேலைநிறுத்தம் ஜலந்தரோடு நிற்கவில்லை. வட இந்தியாவின் பல பெரிய நகரங்களுக்குப் பரவியது. குப்பை குவியக் குவிய, நோய் பரவிவிடுமோ என்ற பயம் அரசுக்கு வந்தது. தூர்தர்ஷன் அரசின் கையில் இருந்த காலம் அது. வேறு சேனலும் கிடையாது. மிச்சக் கதையையும் எடுக்க ஏற்பாடானது.

இதை ஒரு வேடிக்கைச் செய்தியாகச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். "டிவி தொடருக்காக ஸ்ட்ரைக்கா!" என்று சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. கடிதம் எழுதியோ ஆள் பிடித்தோ காரியம் சாதிக்க வழியில்லாதவர்கள், தங்கள் கையில் இருந்த ஒரே பலத்தைத் தங்கள் குருவுக்காக எடுத்து வைத்தார்கள். சீரியலில் செத்த பாத்திரத்தை உயிர்ப்பிக்கச் சொல்லி ரசிகர்கள் கேட்பதை நிறைய பார்த்துவிட்டோம். இவர்கள் கேட்டதை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

சாகர் லாகூருக்குப் பக்கத்தில் பிறந்து, பிரிவினையில் இந்தப் பக்கம் வந்தவர். லவன் ஊர் என்று சொல்லப்படுகிற ஊரின் பக்கத்து மண்ணில் பிறந்தவருக்குத்தான் லவ குசர்களின் கதையை எடுக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. குஜராத்தின் உமர்காவ்ன் படப்பிடிப்புத் தளத்தில் வேலை மறுபடி தொடங்கியது. வால்மீகியாக விஜய் கவீஷ், குசனாகச் சிறுவன் ஸ்வப்னில் ஜோஷி, லவனாக மயூரேஷ். ஸ்வப்னில் இன்று மராத்திப் படவுலகில் பெரிய நடிகர்.

கதையில் சாகர் ஒரு மாற்றம் செய்தார். ராமன் சீதையை அனுப்புவதாகக் காட்டாமல், ஊர்ப் பேச்சு காதில் விழுந்ததும் சீதையே போவேன் என்று பிடிவாதம் பிடிப்பதாக வைத்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ராமன் மேல் விழும் பழியைத் துடைக்கப்போய், சீதையின் நியாயமான கோபத்தைக் குறைத்துவிட்டது அது. 1963-ல் வந்த 'லவகுசா' படத்தில் அஞ்சலி தேவியின் சீதைக்காக அழுத எங்கள் பாட்டி இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆனால் இரண்டு பொடியன்கள் மரவுரி கட்டி, தம்பூராவோடு அயோத்தித் தெருக்களில் நின்று, தங்கள் அப்பாவின் கதையை அது தங்கள் கதை என்றே தெரியாமல் பாடும் காட்சி வந்தபோது அதே பாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

2020 மார்ச் 28 அன்று, கொரோனா ஊரடங்கில் தூர்தர்ஷன் 'ராமாயண்' தொடரை மறுபடி ஒளிபரப்பத் தொடங்கியது. ஏப்ரல் 18-ல் பட்டாபிஷேகம் முடிந்தது. மறுநாளே 'உத்தர ராமாயண்' ஆரம்பமாகிவிட்டது. யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாடே வீட்டுக்குள் உட்கார்ந்து அதைப் பார்த்த அந்த வாரங்களிலும், விடிந்தால் துடைப்பத்தோடு தெருவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள் துப்புரவுத் தொழிலாளர்கள்.