குளத்தூர்த் தொண்டைமான்கள்: ஒரு பட்டப்பெயரின் தோற்றமும் இடப்பெயர்வும்

திருச்சிராப்பள்ளிக்கும் புதுக்கோட்டைக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் ஏறத்தாழ நடுவழியில் அமைந்த கீரனூர், குளத்தூர் வட்டத்தின் தலைமையிடமாக விளங்குகிறது. வட்டத்துக்குப் பெயர் தந்த குளத்தூர், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஏறத்தாழ 1750 வரை தனியொரு பாளையத்தின் இருப்பிடமாக இருந்தது. அப்பாளையத்தை ஆண்டவர்களும், அதே காலத்தில் புதுக்கோட்டையை ஆண்டவர்களும் ஒரே குடும்பத்தின் இரு கிளையினர். இரு கிளையினரும் தொண்டைமான் என்னும் பட்டப்பெயரையே தாங்கினர். காஞ்சிபுரத்தை நடுவாகக் கொண்ட தொண்டை மண்டலத்தின் பெயர், காவிரிக்கும் தெற்கே, வானம் பார்த்த கண்மாய்களை நம்பி வாழ்ந்த ஒரு நிலப்பகுதியில், கள்ளர் குலத்துக் குடும்பம் ஒன்றின் அடையாளமாக நிலைபெற்றது எவ்வாறு என்பதை ஆராயும்போது, பெயர் வந்த வழியும் குடும்பம் வந்த வழியும் ஒன்றாக இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை என்பது புலனாகிறது. வம்சாவளிகள் இவ்விரு வழிகளையும் ஒன்றாகவே காட்டுகின்றன. கல்வெட்டுகள் அவ்வாறு காட்டவில்லை.

தொண்டைமான் என்னும் பெயர் சங்க காலத்திலேயே அரசப் பெயராக வழங்கியது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படைக்குத் தலைவனான தொண்டைமான் இளந்திரையன் காஞ்சியை ஆண்டவன். அவன் பிறப்பைப் பற்றி நச்சினார்க்கினியர் தரும் கதையில், சோழனுக்கும் நாக கன்னிக்கும் பிறந்த மகன் தொண்டைக்கொடியை அடையாளமாக அணிந்து கடல்வழியே வந்து சேர்கிறான். இக்கதை பெயருக்குக் காரணம் கூறப் பிற்காலத்தில் புனையப்பட்டதாகவே தோன்றுகிறது. ஆயினும், பெயருக்குரியவன் வேறோர் இடத்திலிருந்து வந்தவன் என்னும் கருத்து அதன் தொடக்கக் கதையிலேயே இடம்பெற்றிருப்பது கவனத்துக்குரியது. பின்னர்ப் பல்லவர் அந்நிலத்தை ஆண்டபோது, அவர்களையும் தொண்டையரின் தலைவர்களாகவே ஆழ்வார் பாடல்கள் போற்றின. அந்நிலையில் இப்பெயர் ஒரு குடும்பத்துக்கு உரியதாக இல்லை. அந்நிலத்தை ஆள்வோர் எவராயினும் அவருக்குப் பொருந்துவதாக இருந்தது.

சோழப் பேரரசு தொண்டை மண்டலத்தை வென்று அதனைச் செயங்கொண்ட சோழ மண்டலம் எனப் பெயர் மாற்றிய பிறகே, இப்பெயர் நிலத்தை விட்டுப் பெயரத் தொடங்கியது. வென்ற நாடுகளின் பெயர்களையும் வீழ்ந்த அரசர்களின் பெயர்களையும் தம் அதிகாரிகளுக்குப் பட்டங்களாக வழங்குவது சோழர் வழக்கம். பல்லவரையன், காடவராயன், கலிங்கராயன் ஆகியவை அவ்வாறு வழங்கப்பட்டவையே. முதற் குலோத்துங்கனின் கலிங்கப் போரை நடத்தியவனும், செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் புகழப்படுபவனுமான கருணாகரத் தொண்டைமான், இப்பட்டத்தைத் தாங்கியவர்களில் பெரும்புகழ் பெற்றவன். அதே மன்னனிடமும் அவன் மகன் விக்கிரம சோழனிடமும் பணியாற்றிய மணவில் கூத்தன், தில்லைக் கோயிலுக்குச் செய்த திருப்பணிகளால் பொற்கோயில் தொண்டைமான் எனப்பட்டான். இவ்விருவரும் ஒரே குடும்பத்தினர் அல்லர். பதவியோடு வந்த பட்டம், பதவி மறைந்த பிறகும் வழியினரிடம் தங்கிவிடும்போது அது குடும்பப் பெயராகிறது. அரசு தளர்ந்த பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகள் இதற்குரிய காலமாக இருந்தன.

ஜெர்மானியக் குடும்பப் பெயர்களின் வரலாறு இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் அந்நாட்டு நகரங்களில் பரம்பரைப் பெயர்கள் நிலைபெற்றபோது, பவேரியாவிலிருந்து வந்தவர் பையர் என்றும், சுவாபியாவிலிருந்து வந்தவர் ஷ்வாப் என்றும், பொஹிமியாவிலிருந்து வந்தவர் பியோம் என்றும் அழைக்கப்பட்டனர். எல்லாரும் பவேரியராக உள்ள ஊரில் அப்பெயரால் ஒருவரைப் பிரித்தறிய இயலாது. ஆகவே பிறந்த நாட்டின் பெயர், அந்நாட்டை விட்டு வெளியேறியவரிடமே ஒட்டிக்கொண்டது. தொண்டைமான் என்னும் பெயரும் தொண்டை நாட்டுக்கு வெளியேதான் குடும்பப் பெயராக வளர்ந்தது. ஆனால் ஒப்புமை இத்துடன் நின்றுவிடுகிறது. ஜெர்மானியருக்கு அயலார் வைத்த பெயர் இடப்பெயர்வுக்குச் சான்றாகக் கூடியது, தமிழகத்திலோ அரசன் அளித்த பட்டம் இடப்பெயர்வு நிகழாமலே வந்திருக்கக் கூடியது.

புதுக்கோட்டைப் பகுதியில் இப்பெயரை முதலில் தாங்கியவர்கள் அறந்தாங்கித் தொண்டைமான்கள். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் இடம்பெறும் இவர்களைப் பிற்காலப் புதுக்கோட்டை மன்னர்களின் முன்னோராகக் கொள்ளும் ஆசை எழுவது இயல்பு. பட்டப்பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் அதற்குப் போதாது. அக்காலத்தில் ஊரார் தம் ஊரைக் காக்கும் பொறுப்பை ஒரு தலைவனிடம் ஒப்படைத்து, அதற்கு ஈடாக நிலமும் விளைச்சலில் பங்கும் அளித்தனர். பாடிகாவல் எனப்பட்ட இவ்வுரிமையை விற்றதையும் வாங்கியதையும் இப்பகுதிக் கல்வெட்டுகள் விரிவாகவே பதிவு செய்துள்ளன. பட்டம் தாங்கிய குடும்பங்கள் சிற்றரசர்களாக உயர்ந்தது பெரும்பாலும் இவ்வழியில்தான்.

புதுக்கோட்டை அரச குடும்பத்தின் சொந்த மரபுவழிச் செய்தி வேறு விதமானது. இந்திரனிடம் தொடங்கும் அவ்வம்சக் கதை, முன்னோர் திருப்பதியை அடுத்த தொண்டை மண்டலப் பகுதியிலிருந்து தெற்கே வந்து, இன்றைய கறம்பக்குடிப் பக்கத்தில் உள்ள அம்புக்கோவிலில் குடியேறியதாகக் கூறுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அரசவைப் புலவர் வெங்கண்ணா தெலுங்கில் இயற்றிய வம்சாவளி இம்மரபுக்கு இலக்கிய வடிவம் தந்தது. தமிழ் பேசும் குடும்பத்தின் வரலாறு தெலுங்கில் எழுதப்பட்டதில் வியப்பில்லை. நாயக்கர் ஆட்சியின் அரசவைகளில் மதிப்புக்குரிய மொழி அதுவே, திருப்பதியும் அக்காலத்தில் அரச மதிப்பின் ஊற்றாகக் கருதப்பட்ட தலம். வடக்கிலிருந்து வந்த கதையில் உண்மை சிறிதும் இல்லை எனத் தள்ளுவது எளிதன்று. ஆனால் அது பெயரின் பொருளிலிருந்து பின்னோக்கிக் கட்டப்பட்டிருக்கும் வாய்ப்பே மிகுதி.

அம்புக்கோவிலைச் சூழ்ந்த அம்புநாட்டிலிருந்து தொடங்கும் வரலாறு இதைக் காட்டிலும் உறுதியானது. ஆவடை ரகுநாதத் தொண்டைமான், விஜயநகரத்து மூன்றாம் ஸ்ரீரங்கராயருக்காக மதயானை ஒன்றை அடக்கி, அதற்குப் பரிசாக ராயர் என்னும் பட்டம் பெற்றார் என்பது மரபு. அதனால் அவ்வழியினர் ராய தொண்டைமான் ஆயினர். தொண்டைமான் பட்டம் பலருக்கு இருந்த ஒரு நாட்டில், முன்னொட்டே வேறுபடுத்தும் பெயராயிற்று. அவர் மகன் ரகுநாத ராய தொண்டைமானின் சகோதரி காதலி நாச்சியார், இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதியை மணந்தார். 1686ஆம் ஆண்டளவில், அதுவரை பல்லவராயர் வசமிருந்த புதுக்கோட்டைச் சீமை, மைத்துனர் என்ற முறையில் ரகுநாதருக்குச் சேதுபதியால் அளிக்கப்பட்டது. ஒரு சோழப் பட்டத்தைத் தாங்கிய குடும்பம் விலக, அதே வகையான இன்னொரு பட்டத்தைத் தாங்கிய குடும்பம் அதன் இடத்தில் அமர்ந்தது.

அதே காலத்தில் ரகுநாதரின் தம்பி நமனத் தொண்டைமான், திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆண்ட மதுரை நாயக்கர் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பரின் ஆதரவைப் பெற்றுக் குளத்தூர்ப் பாளையத்தை அமைத்தார். முத்துவீரப்பர் 1682 முதல் 1689 வரை ஆண்டவர். கீரனூர் வட்டாரம் திருச்சியின் தெற்கு வாயில் போன்றது. தலைநகருக்கு வரும் பாதையைக் காக்க நம்பத்தக்க பாளையக்காரர் ஒருவரை அங்கே நிறுத்துவது நாயக்கருக்குத் தேவையாக இருந்தது. அண்ணன் சேதுபதியின் உறவாலும், தம்பி நாயக்கரின் தயவாலும் நிலம் பெற்றதால், ஒரே குடும்பம் ஒன்றுக்கொன்று பகையான இரண்டு மேலரசுகளின் நிழலில் ஒரே நேரத்தில் வளர்ந்தது. இதைத் தற்செயல் என்று கொள்வதைக் காட்டிலும், எப்பக்கம் சாய்ந்தாலும் குடும்பம் நிலைக்கும் வகையில் அமைந்த ஏற்பாடாகக் கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது.

1736இல் மதுரை நாயக்க அரசி மீனாட்சியின் வீழ்ச்சியோடு நாயக்கர் ஆட்சி முடிவுற்றதும் குளத்தூர்க் கிளை தன் புரவலரை இழந்தது. கருநாடகப் போர்களில் திருச்சிக் கோட்டை முற்றுகைக்கு உள்ளானபோது, அதன் தெற்கே உணவும் ஆளும் தரவல்ல சீமை யாருடையது என்பது ஆற்காட்டு நவாபுக்கும் ஆங்கிலேயருக்கும் பெரிய கேள்வியாயிற்று. 1730 முதல் 1769 வரை புதுக்கோட்டையை ஆண்ட விஜய ரகுநாத ராய தொண்டைமான், 1750ஆம் ஆண்டளவில் குளத்தூரைத் தம் நாட்டோடு இணைத்துக்கொண்டார். அதன்பின் குளத்தூர், ஆலங்குடி, திருமயம் ஆகியவற்றோடு சேர்ந்து புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் மூன்று வட்டங்களுள் ஒன்றாக நின்றது.

இணைப்புக்குப் பின் அரசரின் பெயர் மேலும் நீண்டது. திருக்கோகர்ணத்து அம்மனின் அடியவர் என்னும் பொருளில் பிரகதாம்பாள் தாஸ் என்பது சேர்ந்தது. 1796இல் ஆற்காட்டு நவாப் ராஜா பகதூர் பட்டம் அளித்தார். விஜயநகரம், திருக்கோகர்ணம், ஆற்காடு என ஒவ்வோர் அடுக்கும் ஒரு காலத்து அதிகார மையத்தைக் காட்டுவதால், அரசரின் முழுப்பெயரே ஓர் ஆவணமாகப் படிக்கத்தக்கது. அடுக்குகளுக்கு நடுவே மாறாமல் நின்றது தொண்டைமான் என்ற சொல் மட்டுமே.

குடும்பத்துக்கு வெளியேயும் இப்பட்டம் வழங்கியது. ந. மு. வேங்கடசாமி நாட்டார் 1923இல் வெளியிட்ட கள்ளர் சரித்திரம், அக்குலத்தாரின் பட்டப்பெயர்களை விரிவாகத் தொகுத்துள்ளது. இப்பட்டங்கள் தந்தை வழியில் இறங்குபவை. ஒரே பட்டத்தார் பங்காளிகள் ஆதலால் தமக்குள் மணவுறவு கொள்வதில்லை. தந்தை வழி வருவதும் உறவின் எல்லையை வரையறுப்பதும் ஐரோப்பியக் குடும்பப் பெயரின் செயல்களே. எனினும் தமிழகத்தின் அரசு ஏடுகளில் தந்தை பெயரின் முதலெழுத்தே இடம்பெறுவதால், பட்டப்பெயர் திருமண அழைப்பிதழிலும் ஊர்ப் பேச்சிலும் மட்டும் வாழ்கிறது.

கடல் கடந்த இடங்களில் நிலைமை வேறு. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியப் பெண்மணி மோலி பிங்கை மணந்தார். அடுத்த ஆண்டு பிறந்த மகன் மார்த்தாண்ட சிட்னி தொண்டைமானின் வாரிசுரிமையை ஆங்கில அரசு ஏற்கவில்லை. 1928இல் அரியணை ராஜகோபாலத் தொண்டைமானுக்குச் சென்றது. பட்டம் அரசோடு பிறந்த இடத்தில், அரசு இல்லாமலே பெயராக எஞ்சிய நிகழ்வு அது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபோது எஞ்சியோர் அனைவருக்கும் அந்நிலை வந்தது.

இலங்கையில் இப்பெயருக்கு இரண்டு தடங்கள் உண்டு. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு, உப்பை ஏற்றிச் செல்ல வந்த கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த நீர்வழி என்று யாழ்ப்பாண வைபவமாலை வழிவந்த மரபு கூறுகிறது. இரண்டாவது தடம் தேயிலைத் தோட்டங்களின் வழியாகச் சென்றது. இன்றைய சிவகங்கை மாவட்டப் பகுதியில் 1913இல் பிறந்து, இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் தலைவராக உயர்ந்து, 1999இல் மறைந்த சௌமியமூர்த்தியின் பெயரில் தந்தையின் பட்டமே குடும்பப் பெயராக நின்றது. பேரன் ஆறுமுகம், அவர் மகன் ஜீவன் ஆகியோரும் அதைத் தாங்கியே நாடாளுமன்றம் சென்றனர். அங்கே அது தொண்டமான் என்றே எழுதப்படுகிறது. ஜெர்மானியரில் மையர் என்னும் ஒரே பெயர் மூன்று நான்கு எழுத்துமுறைகளில் கிளை பிரிந்ததைப் போல, இலங்கை மலையகத்து ஆவணங்களைக் கீரனூர், அறந்தாங்கி ஆவணங்களோடு ஒப்பிடுவோர் இரு வடிவங்களையும் சேர்த்தே தேட வேண்டியிருக்கிறது.