நெட்டாலுக்குக் கப்பலேறிய நம் நாட்டார்

கடல் கடந்தார் குலம் இழந்தார் என்று கருதிய காலம் ஒன்று நம்மிடை இருந்தது. அக்கருத்தினால் நம் குடும்பங்களின் வழிமுறைப் பட்டியல்களிலே பல பெயர்கள் எழுதப்படாது விடப்பட்டன. 'தீவாந்தரம் போனான்' என்ற ஒரு சொல்லோடு ஒரு கிளை முடிந்துவிடும். அங்ஙனம் முடிந்தனவாக நாம் எண்ணிய கிளைகளுட் சில தென்னாபிரிக்காவின் நெட்டால் நாட்டிலே தழைத்த வரலாற்றை நம் சங்கத்து அன்பர்கட்கு ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

1860-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களிற் சென்னைத் துறையினின்று புறப்பட்ட 'துரூரோ' என்னுங் கப்பல், 342 பேருடன் நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அந்நாட்டு வெள்ளையர் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டினர். ஜூலுக்களோ தம் நிலத்தையும் ஆனிரையையும் விட்டுத் தோட்டக் கூலிக்கு வர இசைந்திலர். ஆதலின் இந்தியாவிலிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தனர். முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங். பின்னர் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். 1911-இல் இவ்வேற்றுமதி நிறுத்தப்படும்வரை சென்றோர் தொகை 1,52,184. அவருள் ஏறத்தாழ மூன்றில் இருகூற்றினர் சென்னைத் துறையில் ஏறியவர். அவருள்ளும் வட ஆர்க்காட்டு ஜில்லாவினர் மிகப் பலர்.

நம் பகுதியார் மிகுந்தமைக்குக் காரணம் யாது? 1866-இல் நின்றுபோன ஆளேற்றம் 1874-இல் மீண்டுந் தொடங்கிற்று. அடுத்து வந்தது 1876 முதல் 1878 வரை நம் நாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சம். இருப்புப்பாதையோ முன்னரே அரக்கோணத்தைச் சென்னையோடு இணைத்திருந்தது. ஏரி வற்றிய ஊரினின்று துறைமுகம் ஒருநாட் பயணமே. ஆயினும் பசி ஒன்றே காரணமென யாம் கொள்ளோம். 100 ஆடவர்க்கு 40 பெண்டிரேனும் கப்பலில் இருத்தல் வேண்டுமென விதி இருந்தமையால், ஆள்பிடிப்போர் பெண்டிரைத் தேடி அலைந்தனர். கணவனை இழந்தாரும் புகுந்த வீட்டாற் கைவிடப்பட்டாரும் தனித்தே கப்பலேறினர். நம் பட்டியல்களில் முதற்கண் மறைந்தவர் இவரே போலும்.

ஒப்பந்தம் முடிந்து ஆங்கே தங்கியோரை அத்துரைத்தனத்தார் நன்கு நடத்திலர். 1895-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதித்தனர். பின்னர்ப் பதினாறு வயது கடந்த ஆண்மக்களையும் பதின்மூன்று கடந்த பெண்மக்களையும் அவ்வரிக்கு உள்ளாக்கினர். மூன்று பவுனாவது 60 ஷில்லிங். ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங் பெற்றவனுக்கு அது நான்கு மாதக் கூலிக்கு மேற்பட்டது! காந்தியடிகள் காலத்து 1913-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே, 1914-இல், அவ்வரி ஒழிந்தது. அதற்கிடையிலும் நம்மவர் டர்பனைச் சூழ்ந்த நிலங்களைக் குத்தகைக்குப் பிடித்துக் காய்கறி விளைத்து, கூடையிற் சுமந்து தெருத்தெருவாய் விற்று நிலைத்தனர்.

நிலைத்தவர் செய்த முதல் வேலை கோயிலெடுத்தல். மவுண்ட் எட்ஜ்கோம்ப் கரும்புத் தோட்டத்துப் பிள்ளையார் கோயில் 1898-இல் கிஷ்டப்ப ரெட்டி என்னுஞ் சிற்பியாற் கட்டப்பட்டது. தைப்பூசத்துக்கு ஆங்குக் காவடி எடுப்பர். நம் தொண்டை நாட்டுச் சிற்றூர்களிலே பாரதம் படித்து முடித்துத் தீமிதிக்குந் திரௌபதியம்மன் விழாவும் உண்டு. ஆனால் அது கிறித்தவரின் பெரிய வெள்ளியன்று நிகழும். தோட்டத்தில் விடுமுறை அன்று கிடைத்தமையே காரணம். பஞ்சாங்கம் பார்த்துச் சினப்பார் சினக்கட்டும். யாம் இதனைக் குறையாகக் கருதுகின்றிலம்.

பட்டப்பெயர்களின் நிலை வேறு. ஆங்கு முதலியார் 'மூட்லி' ஆயினர். கவுண்டர் 'கவெண்டர்' ஆயினர். நாயுடு, ரெட்டி, படையாட்சி என்பன குடும்பப் பெயர்களாய் நின்றன. எழுத்தர் செவிக்கு எட்டியவாறு பதிந்தனவும், போனவிடத்திற் புதிதாய்ப் பூண்டனவும் இவற்றுள் உண்டு. ஆகவே பெயரைக்கொண்டே ஒருவரை இன்ன குலத்தாரென்று துணிதல் சாலாது. தமிழ் பேசும் வழக்கு இளைஞரிடத்து அருகிவிட்டது. எனினும் 1996-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசியற் சட்டம் போற்றத்தக்கனவெனப் பெயர் சுட்டும் மொழிகளுள் தமிழுந் தெலுங்கும் அடுத்தடுத்து நிற்கின்றன. இருமொழியும் வழங்கும் நம் எல்லையூரார்க்கு இச்செய்தி இனிக்கும்.

நாம் எழுதாது விட்டதை அத்துரைத்தனத்தார் எழுதி வைத்தனர். அன்பினாலன்று, ஓடிப்போனாரை அடையாளங் காண்டற்பொருட்டு. கப்பலேறிய ஒவ்வொருவர்க்கும் எண் ஒன்றிட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உயரம், உடற்றழும்பு, ஜில்லா, தாலூகா, கிராமம் இவற்றைப் பதிந்தனர். அப்பதிவின் படியொன்றைக் கையிற் கொண்டு மூதாதையர் ஊரைத் தேடி வருவாரைத் திருத்தணி மலைப்படிகளில் யாமுங் கண்டிருக்கின்றோம். வந்தவர் இடர்ப்படுவது இங்கேதான். ஏட்டில் 'வட ஆர்க்காடு' என்றிருத்தலின் பலர் வேலூருக்குச் சென்று, அங்கு அவ்வூர் இல்லையெனக் கேட்டுத் திரும்புவர். நம் திருத்தணியோ அக்காலத்தே கார்வேட்டிநகர ஜமீனைச் சார்ந்து வட ஆர்க்காட்டில் இருந்தது. 1911-இற் சித்தூர் ஜில்லாவிற் சேர்ந்தது, 1953-இல் ஆந்திரத்தோடு சென்றது, மங்கலங்கிழாரும் ம. பொ. சிவஞானமும் முன்னின்ற எல்லைப் போராட்டத்தின் பயனாய் 1960-இற் சென்னை மாகாணத்துக்கு மீண்டு செங்கற்பட்டு மாவட்டமாயிற்று. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். ஊர் பெயராது நிற்க அதன் மேல்விலாசம் இத்தனை முறை மாறியதை டர்பனிற் பிறந்தார் எவ்வாறு அறிவர்? ஆங்கில எழுத்திற் சிதைந்த கிராமப் பெயரைப் பலகால் வாய்விட்டுப் படித்து, இவ்வட்டாரத்து ஊர்ப்பெயர் எதனோடு ஒலியொக்கும் என்று பார்த்தல் வேண்டும். நம் முதியோர் சிலர் இதில் வல்லவர். தீவாந்தரம் போனாரைப்பற்றிய குறிப்போ கடிதமோ தம் வீட்டுப் பழம் பெட்டிகளிற் கிடைப்பின், அன்பர்கள் அதனைப் படியெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புவாராக. போனவரின் தந்தை பெயரும் அக்காலத்து ஊர்ப்பெயரும் இருந்தாற் போதும்.