பிறவிதோறும் தொடரும் காதல்: கற்பனையும் வரலாறும்

மறுபிறவி உண்டா, இல்லையா என்பது சமயநூல் வல்லார் ஆராய்ந்து முடிவு காண வேண்டிய பொருள். அவ்வாராய்ச்சியில் புக எனக்குத் தகுதியும் இல்லை. இக்கட்டுரைக்கு அது தேவையும் இல்லை. ஆயினும், ஒரு பிறவியில் கூடாது போன இரு உள்ளங்கள் மறுபிறவியில் ஒன்றையொன்று தேடி வருகின்றன என்னும் கருத்தைத் தமிழர் நெடுங்காலமாகப் போற்றி வந்திருக்கின்றனர் என்பது வரலாறு. ஏன் போற்றினர்? அக்கதைகள் நமக்கு உணர்த்துவது யாது? என் சிற்றறிவுக்கு எட்டிய விடையைச் சங்க அன்பர்கள் முன் வைக்க விழைகிறேன்.

இக்கட்டுரைக்கு வித்திட்டவள் என் மகள். சென்ற விடுமுறையில் எங்கள் இல்லத்தில் ஸ்ரீதரின் "நெஞ்சம் மறப்பதில்லை" திரைப்படத்தைப் பார்த்தோம். 1963ஆம் ஆண்டில் வெளிவந்த படம் அது. ஜமீன்தார் மகன் ஏழைப் பெண்ணைக் காதலிக்கிறான். அந்தஸ்து குறுக்கே நிற்கிறது, காதல் அழிக்கப்படுகிறது. மறுபிறவியில் அவ்விருவரும் மீண்டும் சந்திக்கின்றனர். பழைய பகையோ முதுமையால் தளர்ந்த உடலோடு இன்னும் காத்திருக்கிறது. படம் முடிந்ததும் என் மகள், "அப்பா, இதெல்லாம் சினிமாக்காரர்கள் கட்டிவிட்டதா, நம்மவர்களிடம் முன்பே இருந்ததா?" என்று வினவினாள். நல்ல வினா அன்றோ!

முன்பே இருந்தது என்பதே விடை. குறுந்தொகையில் அம்மூவனார் பாடிய பாடல் ஒன்றில், இப்பிறவி கழிந்து மறுபிறவி வந்தாலும் நீயே என் கணவனாக வேண்டும் என்று தலைவி ஒருத்தி வேண்டுகிறாள். வள்ளுவப் பெருந்தகையோ இதனையே ஊடலின் நயமாக்குகிறார். இப்பிறவியில் உன்னைப் பிரியேன் என்று தலைவன் அன்புடன் சொல்ல, அப்படியானால் மறுபிறவியில் பிரிவானோ என்று எண்ணித் தலைவி கண்ணீர் வடிக்கிறாள். ஒரு சொல்லைக் கேட்டவுடன் அடுத்த பிறவி வரை எண்ணம் ஓடுகிறதென்றால், அக்கருத்து எத்துணை இயல்பாக மக்கள் மனத்தில் குடிகொண்டிருக்க வேண்டும்!

இதனை முழுக் கதையாக விரித்தது சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை. சோழ இளவரசன் உதயகுமாரன் மணிமேகலையை விரும்பித் தொடர்கிறான். அவள் உள்ளமும் அவன்பால் செல்கிறது. மணிமேகலா தெய்வம் அவளை மணிபல்லவத் தீவிற்குக் கொண்டு செல்ல, ஆங்கே புத்தபீடிகையைக் கண்டு தன் பழம்பிறப்பை அவள் உணர்கிறாள். முற்பிறவியில் அவள் பெயர் இலக்குமி. அவள் கணவன் இராகுலன். அவன் பாம்பு தீண்டி இறக்க, அவளும் தீப்புகுந்து மாண்டாள். அந்த இராகுலனே இன்றைய உதயகுமாரன் என்று தெய்வம் உரைக்கிறது.

வேறு கதையாயின் இங்கே மணமுரசு முழங்கும். சாத்தனார் அவ்வாறு செய்யவில்லை. மணிமேகலை அமுதசுரபியை ஏந்திப் பசித்தோரைத் தேடிச் செல்கிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுவிக்கிறாள். அவள் காயசண்டிகை வடிவில் இருந்தபோது, காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவளைத் தன் மனைவி என்றே எண்ணி மயங்கி, உதயகுமாரனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். பழம்பிறப்பின் கணவன் இறந்தது கண்டு மணிமேகலை கதறுகிறாள். ஒருவன் மேல் வைத்த அன்பை அவள் பொய்யென்று எறிந்துவிடவில்லை. அதனை ஊரின் பசி தீர்க்கும் அருளாகப் பெருக்கினாள்.

மேனாட்டாரும் இச்சுவை அறியாதவர் அல்லர். ரைடர் ஹாகார்டு என்னும் ஆங்கில ஆசிரியர் எழுதிய "ஷீ" என்னும் நாவல் 1887ஆம் ஆண்டில் நூலாயிற்று. இறந்த காதலன் மீண்டும் பிறந்து வருவான் என்று ஓர் அரசி ஈராயிரம் ஆண்டுகள் காத்திருப்பது அதன் கதை. அங்கே காத்திருப்பும் வியப்பும் மிகுதி. நம் ஆசிரியர் கல்கி இதே பொருளைத் தொட்டபோது, அதில் நாட்டு வரலாற்றைப் பொதிந்து வைத்தார்.

அந்நூல் "சோலைமலை இளவரசி". நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் வந்தது. முதல் அத்தியாயமே நள்ளிரவு ரயில் வண்டி; ரயில்வே ஊழியனாகிய எனக்கு அதில் தனிப் பெருமை! 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் ஈடுபட்ட குமாரலிங்கம் என்னும் இளைஞன் போலீசாரிடமிருந்து தப்பிச் சோலைமலையின் பாழடைந்த கோட்டையில் ஒளிகிறான். பொன்னம்மாள் என்னும் கிராமத்துப் பெண் அவனுக்கு உணவளித்துக் காக்கிறாள். அக்கோட்டையிலே அவனுக்குப் பழைய நினைவு எழுகிறது. ஏறத்தாழ நூறு ஆண்டுகட்கு முன் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற மாறனேந்தல் உலகநாதத் தேவனாகத் தன்னையும், அவனுக்குப் புகலளித்த இளவரசி மாணிக்கவல்லியாகப் பொன்னம்மாளையும் காண்கிறான். மாணிக்கவல்லியின் தந்தையோ ஆங்கிலேயர்க்கு வேண்டியவர். முடிவை நான் சொல்லப் போவதில்லை. படித்துச் சுவைக்க வேண்டுகிறேன்.

மாறனேந்தலும் சோலைமலை அரசும் கற்பனை. ஆனால் அக்கற்பனையின் பின்னே நிற்கும் துயரம் கற்பனை அன்று. கட்டபொம்மன் 1799ஆம் ஆண்டில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், மருது சகோதரர் 1801ஆம் ஆண்டில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதும் வரலாறு. அன்று தோற்றவர்களின் போராட்டமே மீண்டும் பிறந்து 1942இல் வந்தது என்பதைக் காதல் கதையின் வாயிலாகக் கல்கி உணர்த்தினார்.

இக்கதைகளை ஒப்புநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பெரும்பாலும் முற்பிறவிக் காதல் தானாக வாடுவதில்லை. நஞ்சோ, அந்தஸ்தோ, அன்னியர் ஆட்சியோ ஒன்று அதனை முறிக்கிறது. அநீதியால் முறிந்த இடங்களில் பிற்பிறவி ஒரு கடனைச் சுமந்து வருகிறது. முன்னோர் வாழ்வில் முடிவுறாது நின்ற ஒன்றைப் பின்னோர் முடித்தல் வேண்டும் என்பதே அக்கடன். மறுபிறவியை நம்பாதவரும் இதனை மறுக்க இயலாது. ஒரு தலைமுறைக்குப் பின் மற்றொரு தலைமுறை என்பது கண்கூடான மறுபிறவி அன்றோ!

இதனை நம் கோலார் தங்கவயல் மக்களினும் நன்கு அறிந்தவர் யார்? வட ஆர்க்காடு, சேலம் முதலிய இடங்களிலிருந்து நம் முன்னோர் இங்கு வந்து பூமிக்கடியில் உழைத்தனர். 1894ஆம் ஆண்டில் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, தங்கவயலுக்கு ரயில் பாதை வந்தது. என் பாட்டனார் சுரங்கத் தொழிலாளி. இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். ஆயினும் கல்கி தொடர்கதைப் பக்கங்களைச் சேர்த்துத் தைத்து வைத்து, லைன் வீட்டுத் திண்ணையில் இரவு நேரத்தில் உரக்கப் படிப்பார். எழுத்தறியாத அண்டை வீட்டார் சுற்றி அமர்ந்து கேட்பர். படிக்க வேண்டும் என்ற அவருடைய தாகம் தீரவில்லை. என் தந்தையார் சிறிது படித்தார். நான் மெட்ரிகுலேஷன் தேறினேன்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று விடியற்காலையில் டிக்கெட் கவுண்டரில் அமர்ந்திருக்கும்போது, பெங்களூருக்கு வேலை தேடிச் செல்லும் நம் இளைஞர் கூட்டத்தைக் காண்கிறேன். ஊர் தேய்கிறது. அதனினும் எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. அன்று படம் பார்த்து வினவிய என் மகளிடம் பாட்டனாரின் தைத்த புத்தகத்தைக் கொடுத்தேன். அவள் அதனைப் புரட்டிப் பார்த்து, "நீங்களே படித்துச் சொல்லுங்கள், அப்பா" என்றாள். அவளுக்கு ஆங்கிலமும் கன்னடமும் நன்றாக வரும். தமிழ் எழுத்து தெரியாது. குற்றம் அவளுடையது அன்று; கற்பிக்கத் தவறிய என்னுடையது.

அன்றிரவே "அ" எழுதத் தொடங்கினோம். இப்போது அவள் எழுத்துக் கூட்டி அரைப் பக்கம் படிக்கிறாள். அவள் தடுமாறிப் படிக்கும் குரலில், நான் சிறுவனாய்க் கேட்ட பாட்டனாரின் குரலைக் கேட்கிறேன். பிறவிதோறும் தொடரும் அன்பு என்று நூல்கள் கூறுவது இதுதானோ என்று என் உள்ளம் நெகிழ்கிறது.

அன்பர்களே! நம் குழந்தைகள் எங்குச் சென்று வாழ்ந்தாலும் வாழட்டும். செல்லும் முன் தாய்மொழி எழுத்தை அவர்கள் கையில் கொடுத்து அனுப்புவோம். நாள்தோறும் இரவில் ஒரு பக்கம் உரக்கப் படிக்கும் வழக்கம் நம் வீடுகளில் மீண்டும் பிறக்கட்டும். நம் முன்னோர்க்கு நாம் பட்ட கடன் அது.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!