புத்தூரும் ஒரு கூரைக்குறியும்

எனக்குச் சொந்த ஊர் திருச்சி புத்தூர். குழுமாயி அம்மன் கோயில் குட்டிக்குடி திருவிழான்னு சொன்னா பக்கத்து ஜில்லா மக்களுக்கும் தெரியும். பைத்தானுக்குத்தான் தெரியலை!

போன வாரம் ஒரு பெரிய ஃபைல்ல 'புத்தூர்'னு தேடினேன். ஸ்ரீவில்லிபுத்தூரும் சேர்ந்து வந்தது. சரி, தனிச்சொல்லா மட்டும் வரட்டும்னு ரெகுலர் எக்ஸ்பிரஷன்ல ரெண்டு பக்கமும் சொல்லெல்லைக் குறி போட்டேன். 'புத்தூர் நால்ரோடு' காணாமப் போச்சு. 'புத்தூர்க்காரர்' மட்டும் வந்து நிக்கிறார். கேட்டது ஒண்ணு, கிடைச்சது நேரெதிர்!

இந்தக் குறிகளோட கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 1951ல ஸ்டீபன் க்ளீனி ரெகுலர் எக்ஸ்பிரஷனை வெறும் கணிதமாத்தான் எழுதினார். கென் தாம்சன் அதை எடிட்டருக்குள்ள கொண்டு வந்தார்; அவரோட கட்டுரை வந்தது 1968ல. 1971 யுனிக்ஸ் கையேட்டுல 'ஈடி' எடிட்டர் வரி வரியா வேலை செய்யுது. அதனால வரியின் தொடக்கத்துக்குக் கூரைக்குறி ^, முடிவுக்கு டாலர் $. இவை எந்த எழுத்தையும் பிடிக்காது, இடத்தை மட்டும் சுட்டும். அதான் நங்கூரம். சொல்லெல்லைக் குறியும் அதே ஜாதிதான்: ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எழுத்தல்லாதது இருந்தா அது எல்லை.

எழுத்து எந்த இடத்துல வரும்ங்கிறது நமக்குப் புதுசில்லை. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் மொழிமரபு இயலே இதைப் பேசுது. புள்ளி வைத்த மெய் சொல்லுக்கு முதலில் வராது. க், ச், ட், த், ப், ற் ஆறும் சொல்லுக்கு இறுதியில் வராது. [கசடதபற]்$ன்னு ஒரு சொல்பட்டியல்ல தேடிப் பாருங்க, 'பேங்க்', 'ஃபேஸ்புக்' எல்லாம் வரிசையா மாட்டும். (உடனே தொல்காப்பியர்தான் ரெஜெக்ஸ் கண்டுபிடிச்சார்னு வாட்ஸப்புல ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க சாமி.)

அப்புறம் புத்தூர் ஏன் தொலைஞ்சது? 1991ல வந்த யூனிகோட், 1988 இஸ்கி அமைப்பைப் பின்பற்றித் தமிழை அடுக்கிச்சு. நம்ம கண்ணுக்குப் 'பு, த், தூ, ர்' நாலே எழுத்து. கணினிக்கு எட்டு: ப, உகரக்குறி, த, புள்ளி, த, ஊகாரக்குறி, ர, புள்ளி. பைத்தானோட கூடவே வர்ற ரெஜெக்ஸ் மாட்யூல் இந்தக் குறிகளையும் புள்ளியையும் எழுத்துன்னே ஒத்துக்காது. கடைசிப் புள்ளியும் எழுத்தல்ல, அடுத்த இடைவெளியும் எழுத்தல்ல. அப்போ எல்லையே இல்லை. 'புத்தூர்க்காரர்'ல புள்ளிக்கு அடுத்து 'க' வர்றதால சொல்லுக்கு நடுவுல ஒரு எல்லை முளைக்குது.

தீர்வு சுலபம்தான். முன்னாலயும் பின்னாலயும் தமிழ் எழுத்தோ குறியோ இருக்கக் கூடாதுன்னு லுக்அரவுண்ட்ல நாமே எழுதிடணும். இன்னொண்ணு: ஊர்ல முடியற பேரெல்லாம் வேணும்னு ஊர்$ன்னு தேடினா புத்தூரும் உறையூரும் வராது. அங்க இருக்கிறது ஊகாரக்குறி, 'ஊ' இல்லை. ூர்$ன்னு தேடணும்.

பயமுறுத்துறது என்னன்னா, இதுல எந்த எர்ரரும் வராது. பூஜ்யம்னு அமைதியா பதில் வரும், நாமளும் நம்பிடுவோம். வாக்காளர் பட்டியலோ ஆஸ்பத்திரிப் பதிவோ இப்படித் தேடினா ஒரு ஆளே இல்லாமப் போயிடுவார். புள்ளியும் எழுத்தோட சேர்த்திதான்னு கணினிக்கு நாமதான் சொல்லிக் கொடுக்கணும்.

உங்க ஊர் பேரைத் தேடிப் பார்த்துட்டு, கிடைச்சதான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.